வரி வேண்டும், பிள்ளைகள் வேண்டாம்: காலனிக் கனடாவில் கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிப் பணம்

கேள்வி இதுதான்: “அமெரிக்காவில் இருந்து தப்பி வந்த அடிமைகளுக்கு அடைக்கலம் கொடுத்த நாடு கனடா என்று படித்திருக்கிறோம். அது பிரிட்டிஷ் காலனியாக இருந்த நாட்களில் கறுப்பினக் குழந்தைகளின் படிப்புக்கு அரசுப் பணம் கிடைத்ததா? யாராவது கேட்டார்களா? கேட்டவர்களுக்கு என்ன பதில் வந்தது?”

கேட்டார்கள், பல ஊர்களில், பல தடவை. சில இடங்களில் கிடைத்தது. ஆனால் கிடைத்த விதத்தைப் பார்த்தால், பணம் மறுக்கப்பட்டதை விடப் பணம் கொடுக்கப்பட்டதுதான் சில ஊர்களில் பெரிய கெடுதலாக முடிந்தது. அது எப்படி என்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் இடத்தைத் தெளிவாக்கிவிடலாம். நான் பேசப்போவது கனடா வெஸ்ட் என்று அப்போது அழைக்கப்பட்ட பகுதியைப் பற்றி. இன்றைய ஒன்டாரியோ மாகாணத்தின் தென்பகுதி அது. அதற்கு முன்பு அப்பர் கனடா என்று பெயர். அங்கே 1793-லேயே புதிதாக அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1834 ஆகஸ்ட் 1 அன்று பிரிட்டிஷ் பேரரசின் பெரும்பகுதியில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அமெரிக்காவில் 1850-ல் தப்பியோடிய அடிமைகள் சட்டம் கடுமையாக்கப்பட்ட பிறகு, வட மாநிலங்களில் கூட நிம்மதியாக இருக்க முடியாது என்ற நிலை. டெட்ராய்ட் நதியைத் தாண்டினால் பிடித்துப் போக யாரும் வர முடியாது. அதனால் வின்ட்சர், சாண்ட்விச், ஆம்ஹர்ஸ்ட்பர்க், சாத்தம் போன்ற எல்லை ஊர்களில் கறுப்பினக் குடும்பங்கள் பெருகின. அப்படி வந்தவர்கள் எல்லோரும் வெறுங்கையோடு ஓடி வந்தவர்கள் அல்ல. பிறப்பிலேயே சுதந்திரமானவர்களும், கைத்தொழில் தெரிந்தவர்களும், அமெரிக்காவில் சொத்தை விற்றுப் பணத்தோடு வந்தவர்களும் இருந்தார்கள். இங்கே நிலம் வாங்கினார்கள், வீடு கட்டினார்கள், வரி கட்டினார்கள். அந்த வரிதான் இந்தக் கதையின் மையம்.

1843 அக்டோபர் 15 அன்று ஹாமில்டன் ஊரின் கறுப்பின மக்கள் கவர்னர் ஜெனரல் சார்லஸ் மெட்காஃபுக்கு ஒரு மனு எழுதினார்கள். இந்த விஷயத்தில் ஒரே ஒரு ஆவணத்தைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் கையில் கொடுப்பேன். வக்கீல் மொழி கிடையாது. நேராகப் பேசுகிறது. நாங்கள் வரி கட்டியிருக்கிறோம், ஆனால் பொதுப் பள்ளிகளில் எங்கள் பிள்ளைகளைச் சேர்க்க மறுக்கிறார்கள் என்கிறது. ஊர் மன்றத்திடம் முறையிட்டோம், ஒன்றும் நடக்கவில்லை என்கிறது. அமெரிக்காவில், அதிலும் பிலடெல்பியாவில், எங்கள் பிள்ளைகள் வெள்ளைப் பிள்ளைகளோடு பள்ளிக்குப் போனார்களே, பிரிட்டிஷ் கொடியின் கீழ் மனிதனை நிறத்தை வைத்துப் பார்க்க மாட்டார்கள் என்று நம்பித்தானே வந்தோம் என்று கேட்கிறது. தெருவில் போனால் இழிசொல்லால் கூப்பிடுகிறார்கள், சில சமயம் செங்கல் துண்டுகள் பறந்து வருகின்றன என்றும் சொல்கிறது. நாங்கள் எல்லோரும் தப்பியோடி வந்தவர்கள் இல்லை, இந்த மாகாணத்துக்குப் பணம் கொண்டு வந்திருக்கிறோம், எங்களுக்கு வேண்டியது நியாயம் மட்டுமே என்று சொல்லி, அரசியையும் அரச குடும்பத்தையும் வாழ்த்தி முடிகிறது.

இந்த மனு தருமம் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கறுப்பினத்தவருக்கென்று தனி மானியமும் கேட்கவில்லை. ஏற்கெனவே தங்கள் பையில் இருந்து போன பணத்தில் நடக்கும் பள்ளியின் கதவைத் திறக்கச் சொல்கிறது. கறுப்பினக் குழந்தைகளின் படிப்புக்குப் பணம் என்ற பேச்சு வரும்போதெல்லாம், மிஷனரிகளின் தாராள மனம், அமெரிக்க நண்பர்களின் நன்கொடை என்றுதான் எழுதுகிறார்கள். அந்த நன்கொடைகள் உண்மைதான். ஆனால் தொடக்கம் அங்கே இல்லை. தொடக்கம் வரி ரசீதில் இருக்கிறது.

சரி, மனுவுக்கு என்ன ஆயிற்று? கவர்னர் அலுவலகம் அதைக் கல்வித் துறைக்கு அனுப்பியது. கனடா வெஸ்டின் துணைக் கண்காணிப்பாளராக அப்போது இருந்த ராபர்ட் மர்ரே, ஹாமில்டன் போர்டு ஆஃப் போலீஸின் தலைவர் ஜார்ஜ் டிஃபனியிடம் விளக்கம் கேட்டார். பெயரில் போலீஸ் இருந்தாலும் அது அந்தக் காலத்து நகராட்சி மன்றம்தான். டிஃபனி மழுப்பாமல் பதில் எழுதினார். ஊரில், முக்கியமாகக் கீழ்த்தட்டு வெள்ளையரிடம், கறுப்பினத்தவர் மேல் கடுமையான வெறுப்பு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். கறுப்பினக் குழந்தைகளைச் சேர்த்தால் பல வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடக்கூடும் என்றும் சொன்னார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. அந்த வெறுப்புக்கு இடம் கொடுப்பது சரியல்ல, நிறம் பார்க்காமல் சட்டத்தை அமல் செய்ய வேண்டும் என்பதே மன்றத்தின் ஒருமித்த கருத்து என்றார். ஆரம்பத்திலேயே உறுதியாக நின்றால் வெறுப்பு சீக்கிரம் தணிந்துவிடும் என்பதும் அவர்கள் கணிப்பு.

கணிப்பு பலித்தது. ஹாமில்டனில் கறுப்பினக் குழந்தைகள் பொதுப் பள்ளியில் சேர்ந்தார்கள். ஊர் தீப்பற்றி எரியவில்லை. பள்ளிகள் இழுத்து மூடப்படவில்லை. அதே 1843-ன் கடைசியில் வந்த பள்ளிச் சட்டத்திலும், வட்டாரத்தில் வாழும் எந்த வகை மக்களின் குழந்தைகளையும் பொதுப் பள்ளியில் இருந்து விலக்கக் கூடாது என்ற விதி இருந்தது. பின்னால் வரப்போவதை எல்லாம் இந்த ஊரோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஏனென்றால் அடுத்த இருபது வருடம் அதிகாரிகள் ‘எங்களால் என்ன செய்ய முடியும், மக்கள் மனநிலை அப்படி’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹாமில்டனிலும் மக்கள் மனநிலை அப்படித்தான் இருந்தது.

பணம் எப்படி ஓடியது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1841-ல் வந்த பொதுப் பள்ளிச் சட்டம், கனடா வெஸ்டும் கனடா ஈஸ்டும் சேர்ந்த ஒன்றுபட்ட கனடா மாகாணம் முழுவதற்கும் ஆண்டுக்கு 50,000 பவுண்டு ஒதுக்கியது. அது உள்ளூர் மன்றங்கள் வழியாகப் பள்ளிகளுக்குப் போகும். அரசு கொடுக்கும் தொகைக்கு ஈடாக அந்தந்த ஊரும் வரி விதித்துத் தன் பங்கைத் திரட்ட வேண்டும். அதிலும் குறைவது பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் தலையில் மாதக் கட்டணமாக விழும். எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசப் பள்ளி என்பது 1871-ல்தான் சட்டமானது. ஒவ்வொரு பள்ளி வட்டாரத்துக்கும் மூன்று டிரஸ்டிகள், அதாவது பள்ளி நிர்வாகிகள். வட்டாரத்தில் வரி கட்டுவோர் கூடி அவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். வாத்தியாரை வைப்பது, சம்பளம் பேசுவது, கட்டணம் வசூலிப்பது, யாரைச் சேர்ப்பது என்பதெல்லாம் நடைமுறையில் இந்த மூன்று பேர் கையில். டொரன்டோவில் இருக்கும் கண்காணிப்பாளர் கடிதம் எழுதலாம், அறிவுரை சொல்லலாம். மானியத்தை நிறுத்துவேன் என்று மிரட்டவும் செய்யலாம். ஆனால் ஒரு கிராமத்துப் பள்ளியின் வாசலில் நிற்பவர்கள் அந்த மூன்று பேர்தான்.

1844-ல் அந்தக் கண்காணிப்பாளர் பதவிக்கு வந்தவர் எகர்ட்டன் ரையர்சன். மெத்தடிஸ்ட் பாதிரியார். 1876 வரை அந்த நாற்காலியில் இருந்தார். ஒன்டாரியோவின் பொதுக் கல்வியைக் கட்டியவர் என்று நெடுங்காலம் கொண்டாடப்பட்டவர். அவர் மேசைக்கு 1846-ல் ஆம்ஹர்ஸ்ட்பர்கில் இருந்து வந்த கடிதத்தைப் படித்தால் வயிறு கலங்கும். கறுப்பினப் பிள்ளைகளோடு ஒன்றாக உட்கார வைப்பதை விட எங்கள் பிள்ளைகளின் தலையை வெட்டிச் சாலையோரப் பள்ளத்தில் எறிவோம் என்று அங்குள்ளவர்கள் சொன்னதாக அதில் இருக்கிறது. ஹாமில்டனில் டிஃபனி எடுத்தது போன்ற நிலையை ரையர்சன் எடுக்கவில்லை. கறுப்பினப் பெற்றோருக்கு அவர் எழுதிய பதில்கள் மரியாதையானவை, அனுதாபம் உள்ளவை. வழக்குப் போடுங்கள், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்று கூடச் சிலருக்குச் சொல்லியிருக்கிறார். ஆனால் தன் அதிகாரத்தை முழுதாகப் பயன்படுத்தவில்லை. மக்களின் வெறுப்பு சட்டத்தை விட வலுவாக இருக்கிறது என்பதே அவர் வந்து சேர்ந்த முடிவு.

அந்த முடிவு 1850-ல் சட்டமாகவே ஆனது. அந்த வருடத்துப் பொதுப் பள்ளிச் சட்டத்தின் 19-வது பிரிவு, பன்னிரண்டு குடும்பத் தலைவர்கள் எழுத்தில் விண்ணப்பித்தால் புராட்டஸ்டன்ட்டுகளுக்கோ, ரோமன் கத்தோலிக்கர்களுக்கோ, கறுப்பினத்தவருக்கோ தனிப் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. பார்க்க உரிமை மாதிரி இருக்கிறது. கத்தோலிக்கர்கள் நிஜமாகவே அதைக் கேட்டுப் போராடி வாங்கினார்கள். தங்கள் மதத்தைத் தாங்களே சொல்லித்தர வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். கறுப்பினத்தவரின் பெயரை அதே வரியில் சேர்த்ததன் காரணம் வேறு. அவர்களுக்கென்று தனி வேதமோ தனி மொழியோ இல்லை. பிரித்து வைக்க விரும்பியவர்களுக்கு ஒரு வழி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

தனிப் பள்ளி அமைந்தால் அரசு மானியத்தில் பங்கு உண்டு. இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பங்கு தலைக்கணக்கில் கிடைக்காது. சராசரி வருகையைப் பொறுத்துக் கிடைக்கும். புதிதாக வந்த ஏழைக் குடும்பங்களில் பிள்ளைகள் வருடம் முழுக்கப் பள்ளிக்கு வருவதில்லை. அறுவடை நேரத்தில் வயலில் இருப்பார்கள், குளிர்காலத்தில் காலணி இல்லாமல் வீட்டில் இருப்பார்கள். வருகை குறைந்தால் மானியம் குறையும். மானியம் குறைந்தால் சான்றிதழ் பெற்ற நல்ல ஆசிரியர் வர மாட்டார். ஆசிரியர் சரியில்லை என்றால் வருகை இன்னும் குறையும். கறுப்பினக் குடும்பங்கள் பரந்த நிலப்பரப்பில் சிதறி இருந்த இடங்களில் ஒரே ஒரு தனிப் பள்ளி வைத்து, நான்கைந்து மைல் தள்ளி இருக்கும் குழந்தையையும் அதில்தான் போகச் சொன்னார்கள். பக்கத்தில் இருக்கும் பொதுப் பள்ளிக்கும் அந்தக் குழந்தையின் அப்பாதான் வரி கட்டியிருப்பார்.

இப்போது சாண்ட்விச்சுக்கு வருவோம். டெட்ராய்ட்டுக்கு எதிர்க்கரையில் இருந்த ஊர். இன்று வின்ட்சரின் ஒரு பகுதி. 1850-ன் இலையுதிர் காலத்தில் மேரி பிப்பும் அவர் கணவர் ஹென்றி பிப்பும் அங்கே வந்தார்கள். ஹென்றி கென்டக்கியில் அடிமையாகப் பிறந்து பலமுறை தப்பியவர். மேரி ரோட் ஐலண்டில் சுதந்திரப் பெண்ணாகப் பிறந்து, மாசசூசெட்ஸில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தவர். முறையாகப் பயிற்சி பெற்ற கறுப்பினப் பெண் ஆசிரியர்கள் அந்தக் காலத்தில் மிகக் குறைவு. அந்த ஊரில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளி இல்லை. மேரி தன் வீட்டிலேயே ஆரம்பித்தார். இருபத்தைந்து குழந்தைகளோடு தொடங்கியது, 1851 பிப்ரவரிக்குள் நாற்பத்தாறாக உயர்ந்தது. ஒரு வீட்டு அறையில் நாற்பத்தாறு குழந்தைகள். பெஞ்சு, மேசை, புத்தகம் எதுவும் போதாது. பெற்றோரால் கட்டணம் கட்ட முடியாது. மேரி தெரிந்தவர்களிடம் எல்லாம் உதவி கேட்டார். பணம் வராமல் அந்தப் பள்ளி நின்றுபோனது. கணவனும் மனைவியும் அதே 1851 ஜனவரியில் ‘வாய்ஸ் ஆஃப் த ஃப்யூஜிட்டிவ்’ என்ற பத்திரிகையைத் தொடங்கியிருந்தார்கள். கனடாவில் கறுப்பினத்தவர் நடத்திய முதல் முக்கியப் பத்திரிகை அது. பள்ளிகளில் நடக்கும் பாகுபாட்டை அது விடாமல் எழுதியது.

1851 இலையுதிர் காலத்தில் பக்கத்து வின்ட்சருக்கு இன்னொரு ஆசிரியை வந்தார். மேரி ஆன் ஷாட். டெலவேரில் 1823-ல் சுதந்திரக் குடும்பத்தில் பிறந்தவர், அப்போது வயது ஏறக்குறைய இருபத்தெட்டு. 1812 போர்க் காலத்துப் பழைய ராணுவக் குடியிருப்பில், ஒழுகும் கட்டடத்தில், அகதிக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடத்தில் பள்ளியைத் தொடங்கினார். பகலில் குழந்தைகள், மாலையில் பெரியவர்கள். அவருக்கு அமெரிக்க மிஷனரி சங்கம் ஆண்டுக்கு 125 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

இந்த இரண்டு பெண்களுக்கும் நடந்த சண்டையைப் பலர் சொந்தப் பகை என்று சுருக்கிவிடுகிறார்கள். சொந்தப் பகையும் இருந்தது, மறுக்கவில்லை. ஷாட் சங்கத்திடம் பணம் வாங்குவதை ஊராரிடம் மறைத்தார் என்று பிப்பின் பத்திரிகை எழுதியது. ஷாட்டும் பிப் தம்பதி நடத்திய நிலத் திட்டத்தின் பணக் கணக்கைப் பொதுவில் கேள்வி கேட்டார். ஆனால் அடியில் கிடந்தது உண்மையான கொள்கைக் கேள்வி, பதில் சுலபமாகக் கிடைக்காத கேள்வி. பொதுப் பள்ளி கதவைச் சாத்திவிட்டது. சட்டமோ தனிப் பள்ளிக்குப் பணம் தருகிறேன் என்கிறது. வாங்குவதா, வேண்டாமா?

வாங்கலாம் என்பது பிப் தரப்பு. அவர்கள் பிரிவினையை விரும்பியவர்கள் அல்ல. ஆனால் நேற்றுத்தான் கரும்பு வயலையும் பருத்தி வயலையும் விட்டு ஓடி வந்த குழந்தைக்கு எழுத்துத் தெரிய வேண்டும், அது இன்றே தெரிய வேண்டும். கொள்கை வெல்லும் வரை அந்தக் குழந்தை காத்திருந்தால் அதற்குள் அது பெரியவனாகிவிடும். தவிர, அது நம் வரிப்பணம்தானே. எந்த வழியாக வந்தால் என்ன?

வாங்கக் கூடாது என்றார் ஷாட். தன் பள்ளி நிறம் பார்க்காமல் எல்லோருக்கும் திறந்தது என்று முதல் நாளே அறிவித்தார். 19-வது பிரிவின் கீழ் விண்ணப்பித்திருந்தால் அரசுப் பணத்தில் நிலையான சம்பளம் கிடைத்திருக்கலாம். அதைத் தொட மறுத்தார். ஒருமுறை நாமே கையெழுத்துப் போட்டுத் தனிப் பள்ளி வாங்கிவிட்டால், பிறகு பொதுப் பள்ளியில் இடம் கேட்க நமக்கு வாய் இருக்காது என்பது அவர் வாதம். குளிரிலும் நோயிலும் அந்தக் கட்டடத்தில் கற்பித்துக்கொண்டே இதைச் சொன்னார் என்பதால் இதை வெறும் மேடைப் பேச்சு என்று தள்ள முடியாது. 1853 தொடக்கத்தில் சங்கம் பணத்தை நிறுத்தியது. மதக் கருத்து வேறுபாடு என்று காரணம் சொன்னார்கள். பள்ளி முடிந்தது. ஷாட் அதன் பிறகு ‘புரவின்ஷியல் ஃப்ரீமேன்’ பத்திரிகையைத் தொடங்கியதும், வட அமெரிக்காவில் பத்திரிகை நடத்திய முதல் கறுப்பினப் பெண்ணாக அறியப்பட்டதும், அறுபதை நெருங்கும் வயதில் சட்டப் பட்டம் வாங்கியதும் தனிக் கதை.

யார் சரி? என்னிடம் கேட்டால், அந்தக் குழந்தைகளின் பெற்றோர் இடத்தில் இருந்திருந்தால் நான் மேரி பிப்பின் பள்ளிக்குத்தான் பிள்ளையை அனுப்பியிருப்பேன். ஆனால் சட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஷாட் தெளிவாகப் பார்த்திருந்தார். அடுத்த ஓரிரு வருடங்களில் நீதிமன்றமே அதை நிரூபித்தது.

டென்னிஸ் ஹில் என்ற விவசாயி கேம்டன் பகுதியில் டான் மில்ஸ் ஊரருகே நிலம் வைத்திருந்தார். 1852 நவம்பரில் ரையர்சனுக்குக் கடிதம் எழுதினார். பதினோரு வயது மகனைப் பள்ளியில் சேர்க்க மரியாதையான எல்லா வழிகளிலும் முயன்றேன், டிரஸ்டிகள் மறுக்கிறார்கள் என்றார். கறுப்பன் ஒருவன் தன் மகனை வெள்ளைக் குழந்தைகள் நடுவே உட்கார வைக்கக் கேட்பதே அகந்தை என்று சொல்கிறார்களாம். அந்தப் பள்ளி வட்டாரத்தில் அதிகம் வரி கட்டுபவர்களில் நானும் ஒருவன் என்பதையும் எழுதியிருந்தார். ஹாமில்டன் மனுவில் இருந்த அதே வரி, ஒன்பது வருடம் கழித்து. அவர் வழக்குப் போட்டார். தலைமை நீதிபதி ஜான் பெவர்லி ராபின்சன், அந்தப் பகுதியில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளி அமைக்கப்பட்டிருப்பதால் அவர்கள் பிள்ளைகள் அங்கேதான் போக வேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

தீர்ப்பில் அவர் தந்த விளக்கம்தான் முக்கியம். கத்தோலிக்கர்களுக்குத் தனிப் பள்ளி விருப்பத் தேர்வு. வேண்டுமென்றால் அங்கே போகலாம், இல்லையென்றால் பொதுப் பள்ளிக்கே போகலாம். கறுப்பினத்தவருக்கு அப்படி அல்ல என்றார் நீதிபதி. அவர்களுக்கான தனிப் பள்ளி அவர்கள் வசதிக்காக ஏற்பட்டது இல்லை, வெள்ளை மக்களின் தப்பெண்ணத்துக்கு மதிப்புக் கொடுத்து ஏற்பட்டது என்று நீதிமன்றமே வெளிப்படையாகச் சொன்னது. ஆக, ஒரு ஊரில் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டால், அந்தக் கையெழுத்து மற்ற எல்லாக் கறுப்பினக் குழந்தைகளின் மேலும் கதவைச் சாத்தும். உரிமை என்று எழுதப்பட்ட வாக்கியம் கட்டாயமாக மாறிவிட்டது.

நீதிமன்றம் எப்போதும் ஒரே பக்கம் நின்றது என்றும் சொல்ல முடியாது. 1854-ல் ஷார்லட்வில் வழக்கில், ஒரு கறுப்பினக் குடும்பத்தை வெளியே தள்ளுவதற்காகவே டிரஸ்டிகள் பள்ளி வட்டாரத்தின் எல்லையை வளைத்து வரைந்ததை அதே ராபின்சன் ஏற்கவில்லை. தனிப் பள்ளி நிஜமாக இல்லாத இடத்தில் பொதுப் பள்ளி கதவைச் சாத்த முடியாது. 1864-ல் சாண்ட்விச் ஈஸ்ட் வழக்கிலும் பெயருக்கு இருந்து நடக்காமல் கிடக்கும் தனிப் பள்ளியைக் காரணம் காட்ட முடியாது என்று ஆயிற்று. இவை சிறிய வெற்றிகள். ஆனால் இவற்றின் அடிப்படையைப் பாருங்கள்: தனிப் பள்ளி ஓடிக்கொண்டிருந்தால் விலக்குவது சட்டப்படி சரி. அதனால் ஒப்புக்கு ஒரு தனிப் பள்ளியை ஓட்டிக்கொண்டிருப்பது டிரஸ்டிகளுக்கு லாபமாகிப் போனது. நான் முதலில் சொன்ன கெடுதல் இதுதான். வாடகைக்கு ஒரு சிறிய அறை, அரைகுறைச் சம்பளத்துக்கு ஒரு ஆசிரியர், கொஞ்சம் அரசு மானியம் போதும். ஒரு ஊர் முழுவதின் பொதுப் பள்ளியையும் கறுப்பினக் குழந்தைகளுக்கு மூடிவிடலாம்.

பக்ஸ்டனைச் சொல்லாமல் விட முடியாது. 1849-ல் வில்லியம் கிங் என்ற பிரெஸ்பிடேரியன் பாதிரியார் தொடங்கிய எல்ஜின் குடியேற்றத்தின் பள்ளி, தேவாலயத்தின் ஆதரவில் 1850-ல் திறந்தது. லத்தீனும் கிரேக்கமும் வரை கற்பித்தார்கள். எவ்வளவு நன்றாக நடந்தது என்றால், அக்கம்பக்கத்து வெள்ளைக் குடும்பங்கள் அரசுப் பள்ளியை விட்டுத் தங்கள் பிள்ளைகளை இங்கே அனுப்பத் தொடங்கின. ஆன்டர்சன் ரஃபின் அபட் இங்கே படித்தவர். கனடாவில் பிறந்த கறுப்பினத்தவரில் முதலாவதாக மருத்துவராக உரிமம் பெற்றவர். பின்னாளில் அலபாமாவில் இருந்து அமெரிக்கக் காங்கிரசுக்குப் போன ஜேம்ஸ் ரேப்பியரும் இங்கே படித்தவர்தான். கறுப்பினக் குழந்தைகள் வந்தால் பள்ளியின் தரம் கெடும் என்று சொன்னவர்களுக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை. ஆனால் பக்ஸ்டனுக்கு நிலம், சர்ச், வெளிப் பணம், பிடிவாதமான தலைவர் எல்லாம் ஒன்றாக அமைந்தன. சாண்ட்விச்சில் ஒரு பெண் தன் வீட்டு அறையில் தனியாக இழுத்துக்கொண்டிருந்தார்.

ரையர்சனைப் பற்றி நான் நினைப்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் காலத்து மனிதர், அவரால் வேறென்ன செய்திருக்க முடியும் என்று சிலர் வாதிடுவார்கள். டிஃபனியும் அதே காலத்து மனிதர்தான். மர்ரேவும் ரையர்சனுக்கு முன்பு அதே நாற்காலியில் இருந்தவர். டொரன்டோவிலும் கறுப்பினக் குழந்தைகள் பொதுப் பள்ளியில்தான் படித்தார்கள். வெறுப்பு எல்லா ஊரிலும் இருந்தது. அதற்கு அதிகாரம் என்ன பதில் சொன்னது என்பதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு. ஹாமில்டனில் ஒரு கடிதத்தோடு முடிந்த விஷயம், தென்மேற்கில் சட்டப் பிரிவாகி, தீர்ப்பாகி, தலைமுறைகளைத் தின்றது. 1850-ல் அந்தப் பிரிவை எழுதாமல் இருந்திருந்தால் ஆம்ஹர்ஸ்ட்பர்கில் மறுநாளே எல்லோரும் கைகோத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டென்னிஸ் ஹில் நீதிமன்றப் படியேறியபோது சட்டம் அவர் பக்கம் நின்றிருக்கும்.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1867-ல் காலனி மாகாணமானது, கறுப்பினத் தனிப் பள்ளிகளுக்கான சட்டப் பிரிவு அப்படியே தொடர்ந்தது. வின்ட்சரில் 1880-களில் ஒரு கறுப்பினத் தந்தை மகளுக்காக வழக்குப் போட்டார். பள்ளியில் இடமில்லை என்ற சாக்கை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சாத்தமில் பெற்றோர் 1890-களின் தொடக்கத்தில் அமைப்பாகத் திரண்டு போராடிப் பொதுப் பள்ளிக் கதவைத் திறக்க வைத்தார்கள். மற்ற ஊர்களில் தனிப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. சட்டத்தில் மட்டும் அந்த வரி அப்படியே கிடந்தது. ஒன்டாரியோ சட்டசபையின் முதல் கறுப்பின உறுப்பினர் லியோனார்ட் பிரெய்த்வெய்ட் 1964 பிப்ரவரியில் தன் முதல் உரையில் இதை எழுப்பிய பிறகுதான், அதே வருடம் அது நீக்கப்பட்டது. கடைசித் தனிப் பள்ளி ஆம்ஹர்ஸ்ட்பர்க் இருக்கும் அதே எசெக்ஸ் மாவட்டத்தில், கோல்செஸ்டர் சவுத்தில் இருந்தது. அதை 1965-ல் மூடினார்கள்.